காக்கி புக்கிட்டில் ஒரு சுழல் சோப்பு வகுப்பு

சிங்கப்பூரில் சோப்பு செய்யக் கற்றுத்தரும் இடங்களுக்குக் குறைவில்லை. ஆனால் நான் விசாரித்த வரையில் பெரும்பாலானவை மெல்ட் அண்ட் போர் வகைதான். தயாராக விற்கும் சோப்புக் கட்டியை வெட்டி, உருக்கி, நிறமும் வாசனையும் சேர்த்து அச்சில் ஊற்றினால் முடிந்தது. அன்றைக்கே சோப்பை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக அது நல்ல வகுப்பு. எனக்கு வேண்டியது வேறு. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து நம் கண் முன்னால் சோப்பாக மாறும் கோல்டு பிராசஸ் முறையில், ஒரு நிறம் இன்னொரு நிறத்துக்குள் ஓடிச் சுழித்து நிற்கிறதே, அதை எப்படி வரவழைக்கிறார்கள் என்று கற்றுக்கொள்ள வேண்டும். காக்கி புக்கிட்டில் ஒரு தமிழ்ப் பெண்மணி நடத்தும் அரை நாள் வகுப்பு அதைத்தான் சொல்லித்தருகிறது. போய் வந்தேன். ஊற்றிய சோப்பு காய்ந்து, அதைக் குளிக்கவும் பயன்படுத்திப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

டீச்சர் தனி ஆளாக நடத்துகிறார், வாட்ஸ்அப் வழியாகத்தான் பதிவு. பெயரையும் எண்ணையும் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே தரவில்லை. தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றில் மேல் மாடி. எம்ஆர்டியில் வருவது சுலபம், தேக்காவில் (லிட்டில் இந்தியா நிலையம்) டௌன்டவுன் பாதையில் ஏறினால் மாறாமல் காக்கி புக்கிட் வரை வந்துவிடலாம். கட்டணம் 160 வெள்ளி, நான்கு மணி நேரம், ஒரு வகுப்புக்கு ஆறு பேருக்கு மேல் எடுப்பதில்லை. ஆளுக்கு ஒரு முழு அச்சு. ஒரு கிலோ எண்ணெயில் செய்கிறோம், வெட்டினால் 12 கட்டி வரை வரும். கடையில் நல்ல கைவினைச் சோப்பு ஒன்று என்ன விலை விற்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உறுத்தாது.

நான் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். வீட்டுக்குத் தேவையான சோப்பைப் பல வருடமாக நானே செய்கிறேன், எல்லாம் ஒரே நிறச் சோப்புகள். அதனால் வகுப்புக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் போனது பாதுகாப்பு ஏற்பாடுகளின் மேல்தான். அதில் டீச்சருக்கு முழு மதிப்பெண் தரலாம். எல்லோருக்கும் கண்ணாடி, முழங்கை வரை கையுறை, ஏப்ரன். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவின் மேல் ஊற்றவே கூடாது என்பதை ஆளுக்கு ஆள் திருப்பிச் சொல்ல வைத்தார். அலுமினியப் பாத்திரம் அறையிலேயே கிடையாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும் என்பதால் எல்லாம் எவர்சில்வரும் கெட்டிப் பிளாஸ்டிக்கும்தான். மேலே தெறித்தால் வினிகரைத் தேடி ஓடாமல் குழாய்த் தண்ணீரில் நிறைய நேரம் கழுவ வேண்டும் என்றார். இணையத்தில் பல காணொளிகள் இதையே தவறாகச் சொல்கின்றன, இவர் சரியாகச் சொன்னார்.

இப்போது வகுப்பின் உயிருக்கு வருகிறேன். மேசை மேல் மைக்கா பொடிகள் வண்ண வண்ணமாக அடுக்கியிருந்தன. எல்லோருக்கும் அதன் மேல்தான் கை பரபரத்தது. டீச்சரோ முதல் ஒரு மணி நேரம் ஒரு நிறத்தையும் தொட விடவில்லை. எண்ணெயும் சோடாத் தண்ணீரும் எந்த நொடியில் ஒன்று சேர்கின்றன, எப்போது இறுகத் தொடங்குகின்றன என்பதைப் பார்க்கவே அந்த ஒரு மணி நேரம் போனது. சோப்பு செய்கிறவர்கள் இதை டிரேஸ் என்பார்கள். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர் கரண்டியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார் அல்லவா, இங்கேயும் அதே கதைதான். பதம் தாண்டினால் திரும்பி வராது.

அவர் காட்டிய விதம் இப்படி. ஸ்டிக் பிளெண்டரை எண்ணெய்க்குள் சாய்த்து இறக்கி, தட்டி, உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகளை வெளியேற்றினார். பிறகு ஓரிரு நொடி ஓட்டுவார், நிறுத்துவார், நின்ற பிளெண்டராலேயே கரண்டி போலக் கிளறுவார். மறுபடி ஓட்டுவார். ஆரம்பத்தில் கலவையின் மேல் எண்ணெய் பளபளவென்று கோடு கோடாகப் பிரிந்து தெரிந்தது. நாலைந்து முறை ஓட்டியதும் அந்தக் கோடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், மேற்பரப்பு முழுவதும் ஒரே மாதிரி மங்கிய வெளிர் மஞ்சளானது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் பின்பக்கம் சன்னமான, சீரான படலம் ஒட்டி நின்றது, எண்ணெய் தனியாக வழியவில்லை.

“பாருங்க, ஸ்பூன்ல எண்ணெய்க் கோடு தெரியுதா? தெரியல இல்ல? அவ்வளவுதான். இனி பிளெண்டரைத் தொடாதீங்க, கையால கிளறுனா போதும்.”

நான் வீட்டில் செய்யும்போது, ஊற்றுகிற துளி மேற்பரப்பில் கோடாக நிற்கும் வரை பிளெண்டரை ஓட்டிக்கொண்டேதான் இருப்பேன். ஒரே நிறச் சோப்புக்கு அது சரி. சுழலுக்கு அது மிகவும் தாமதம். கலவையை மூன்று கப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நிறம் கலந்து, ஊற்றி முடிப்பதற்குள் அது தானாகவே கெட்டியாகிக்கொண்டு போகும். அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டிய இடத்தை முடிவு செய்ய வேண்டும். கம்பி விட்டுச் சுழற்றும் ஹேங்கர் முறைக்குக் கொஞ்சம் கெட்டிப்பட்டால் பரவாயில்லை. சீப்பு போட்டு இழுக்கும் மயில்தோகை வடிவத்துக்கு எண்ணெய் கலந்த மாத்திரத்தில் இருக்கும் நீர்மை கடைசிக் கோடு வரை நீடிக்க வேண்டும். எந்த வடிவம் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற எண்ணெயையும் வாசனையையும் பதத்தையும் பின்னோக்கித் தேடு என்பதுதான் அன்றைக்கு அவர் சொல்லித்தந்த பாடத்தின் சாரம். கையசைவு கடைசியில் வருவது. இதைப் புரிய வைக்கும் ஆசிரியர் கிடைப்பது அரிது, இந்த வகுப்பை நான் மனதாரச் சிபாரிசு செய்யக் காரணமும் இதுதான்.

எண்ணெய்க் கணக்கையும் ஒளிக்காமல் சொன்னார். ஒரு கிலோவில் ஆலிவ் 500 கிராம், தேங்காய் எண்ணெய் 250, அரிசித் தவிட்டு எண்ணெய் 200, விளக்கெண்ணெய் 50. ஐந்து சதவீத எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும்படி கணக்கிட்டால் காஸ்டிக் சோடா சுமார் 139 கிராம் வரும், தண்ணீர் அதைப் போல் இரண்டு மடங்கு. (வீட்டில் செய்வதற்கு முன் சோப்கால்க் போன்ற கணிப்பானில் நீங்களே ஒருமுறை போட்டுச் சரிபாருங்கள். எண்ணெய் மாறினால் சோடா அளவும் மாறும்.) ஆலிவ் எண்ணெயில் இருக்கும் ஒலீயிக் அமிலம் மெதுவாகத்தான் இறுகும், அதனால் சுழற்ற நேரம் கிடைக்கும். தேங்காய் எண்ணெய் நுரைக்கும் கெட்டித்தன்மைக்கும் வேண்டும், ஆனால் அது கூடினால் கலவை சீக்கிரம் இறுகும், தோலும் வறளும். நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் எப்போதும் நீர்மமாகத்தான் இருக்கிறது. அது உறைவது 24, 25 டிகிரிக்குக் கீழே. வகுப்பறையில் ஏர்கானை நன்றாகக் குளிர வைத்திருந்ததால் பாட்டிலின் அடியில் லேசாக வெண்மை கட்டியிருந்தது. டீச்சர் அதைச் சுட்டிக்காட்டி, உருக்காமல் அப்படியே ஊற்றினால் கொழுப்பு குளிர்ந்து திரண்டு பொய்யான பதம் காட்டி ஏமாற்றும் என்றார். எல்லா எண்ணெயையும் லேசாகச் சூடாக்கினோம். சோடாத் தண்ணீர் கலக்கும்போது 80 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கச் சூடாகிவிடும், பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து 35 டிகிரிக்கு இறக்கினோம். வெளியே எப்போதும் முப்பதைச் சுற்றியிருக்கும் நம் ஊரில் ஐஸ் இல்லாமல் அது இறங்க வெகு நேரமாகும்.

வாசனையைப் பற்றி அன்று நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜூரோங்கிலிருந்து வந்திருந்த ஒரு ஆன்ட்டி கைப்பையிலிருந்து மல்லிகை வாசனை எண்ணெய் ஒன்றை எடுத்தார். மகளுக்கு மல்லிகை பிடிக்கும், அதையே போடலாமா என்று கேட்டார். டீச்சர் மறுக்கவில்லை. “ஆன்ட்டி, மொத்தத்துலயும் வேணாம். ஒரு கப்ல மட்டும் போட்டுக் கிளறுங்க, எல்லாரும் பார்க்கட்டும்” என்றார். ஆன்ட்டி ஊற்றிக் கிளற ஆரம்பித்தார். மூன்றாவது சுற்றிலேயே கரண்டி கனத்தது. கலவை ஓரத்திலிருந்து விலகி நடுவில் திரண்டது, இன்னும் சில நொடிகளில் கப்பைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு இறுகிவிட்டது. பூ வாசனை எண்ணெய்கள் பலவும் இப்படித்தான் செய்யும், கிராம்பு எண்ணெயும் அப்படியே. அதில் இருக்கும் யூஜினால் கலவையை விரட்டி இறுக்கும். வெனிலின் இருக்கும் வாசனைகள் பதத்தைக் கெடுக்காவிட்டாலும் நாள் ஆக ஆகச் சோப்பைப் பழுப்பாக்கும், வெள்ளை நிறம் வைத்துப் போட்ட சுழல் எல்லாம் வீண். லாவண்டர் சொன்ன பேச்சைக் கேட்கும் என்று கற்றுக்குட்டிகளுக்கு அதையே கொடுக்கிறார். இறுகிய கப்பை வீணாக்காமல் ஆன்ட்டியையே கரண்டியால் அச்சின் அடியில் அழுத்தி வைக்கச் சொன்னார், அது சோப்பாகிவிடும், வடிவம்தான் வராது. புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் இவ்வளவு தெளிவாக மனதில் பதியாது.

நிறங்களைப் பற்றிய பகுதியை நான் மிகவும் ரசித்தேன், ஏனென்றால் அங்கே நம் வீட்டு வேதியியல் வந்தது. டீச்சர் ஒரு தட்டில் மஞ்சள் பொடியைக் குழைத்து அதில் ஒரு சொட்டுச் சோடாத் தண்ணீரை விட்டார். ரத்தச் சிவப்பு. ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலக்கும்போது நடப்பதும் இதுவேதான், சோடா, சுண்ணாம்பு போன்ற காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். ஆனால் சோப்பு காய்ந்து காரம் குறையக் குறைய அந்தச் சிவப்பு வடிந்து ஆரஞ்சு கலந்த மஞ்சளாக மாறும், வெயில் பட்டால் இன்னும் வெளுக்கும். சிவப்பு வேண்டும் என்று மஞ்சளை நம்பக் கூடாது. சங்குப்பூவும் அப்படித்தான். இங்கே சோற்றுக்கும் குவே என்ற பலகாரத்துக்கும் நீல நிறம் தரும் அதே பூ, சோப்புக் கலவைக்குள் போனதும் பச்சையாகி, பிறகு அழுக்குப் பழுப்பாகிவிடுகிறது. டீச்சர் பழைய சோப்பு ஒன்றை எடுத்துக் காட்டினார், அதில் நீலம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. பாண்டான் இலைப் பச்சையும் நாளாக ஆகப் பழுப்பாகும். நீலம் நிலைக்க வேண்டுமானால் அவுரிப் பொடி, அது சாம்பல் கலந்த நீலம் தரும். அல்லது அல்ட்ராமரின். அது காரத்தை அழகாகத் தாங்கும். ஒரு காலத்தில் லாபிஸ் லசூலி கல்லை அரைத்து எடுத்த நிறம், 1820களின் பிற்பகுதியிலிருந்து செயற்கையாகச் செய்கிறார்கள். கருமைக்குக் கரித்தூள், வெண்மைக்கு டைட்டானியம் டையாக்சைடு. மைக்கா வாங்கும்போது கோல்டு பிராசஸ் சோப்பில் நிறம் மாறாது என்று எழுதியிருக்கிறதா பார்க்க வேண்டும், எல்லா மைக்காவும் காரத்தைத் தாங்குவதில்லை. பொடியை நேரே கொட்டாமல் கொஞ்சம் எண்ணெயில் குழைத்துக்கொண்டு சேர்த்தால் புள்ளி புள்ளியாக நிற்காது.

பிறகுதான் ஊற்றினோம். நான் எடுத்தது அவுரி நீலம், கரி, வெள்ளை. முதலில் டிராப் ஸ்வர்ல். வெள்ளையை அச்சில் பாதி வரை ஊற்றி, நீலத்தையும் கறுப்பையும் மேலிருந்து மெல்லிய கயிறாக விட வேண்டும். கையை உயர்த்தி ஊற்றினால் நிறம் ஆழம் வரை குத்தி இறங்குகிறது, தாழ்த்தினால் மேலேயே தங்கிவிடுகிறது. அதனால் ஒரே கோட்டின் மேல் மூன்று நான்கு உயரங்களில் மாற்றி மாற்றி ஊற்றச் சொன்னார்.

அதன் மேல் ஹேங்கர். அச்சின் நீளத்துக்கு வளைத்த எவர்சில்வர் கம்பி, இரு முனையும் மேலே கைப்பிடியாக நிற்கும். பக்கச் சுவரை ஒட்டிக் கம்பியை அடி வரை இறக்கி, அடியில் ஒரு விரல் அகலம் நகர்த்தி, மேலே தூக்கி, மறுபடி இறக்கி, இப்படியே எதிர்ச் சுவர் வரை சின்னச் சின்ன வளையங்களாகப் போக வேண்டும். கலவை கம்பியை லேசாகப் பிடித்து விடுவது விரலில் தெரிகிறது. அந்தப் பிடி இருந்தால் வடிவம் நிற்கும், கம்பி வெறுமனே தண்ணீரில் போவது போல வழுக்கினால் நிறங்கள் கலங்கிவிடும் என்று டீச்சர் சொன்னார். எதிர்ச் சுவரைத் தொட்டதும் கம்பியைச் சுவரை உரசியபடியே வெளியே எடுக்க வேண்டும், நடுவில் தூக்கினால் போட்ட கோலம் கிழியும். ஆசை தீராமல் இன்னொரு சுற்று போகத் துடித்த கோயம்புத்தூர்த் தம்பியைத் தடுத்து நிறுத்தினார். சுழலில் எல்லை தாண்டினால் எல்லா நிறமும் சேர்ந்து சாம்பல்தான்.

தைவான் ஸ்வர்லைச் செய்து மட்டும் காட்டினார். அட்டைத் தடுப்புகளை நீளவாக்கில் நிறுத்தி, ஒவ்வொரு தடத்திலும் ஒரு நிறம் ஊற்றி, தடுப்புகளை உருவிவிட்டு, மூங்கில் குச்சியால் குறுக்கே நெளிநெளியாக இழுப்பது. இதில் சூட்சுமம் வெட்டும் திசையில் இருக்கிறது. வழக்கம் போல் குறுக்கே துண்டு போட்டால் வெட்டுமுகத்தில் நிமிர்ந்த பட்டைகள்தான் தெரியும். படுக்கை வாட்டில் வெட்டினால்தான் மேலே வரைந்த நெளிவு ஒவ்வொரு கட்டியின் முகத்திலும் வரும். முந்தைய நாள் ஊற்றி வைத்திருந்த கட்டியை இரண்டு வாட்டிலும் வெட்டிக் காட்டியபோது அறையே நிமிர்ந்து பார்த்தது.

மயில்தோகையை வாயால் மட்டும் சொல்லி முடித்துவிட்டார். நான்கு மணி நேரத்தில் அதற்கு மேல் அடக்க முடியாது என்பது நியாயம். ஆனாலும் விளம்பரப் படத்தில் முதலில் இருப்பது மயில்தோகைச் சோப்புதான். துருக்கியின் எப்ரு காகித ஓவியத்தில் நிறத்தைச் சீப்பால் இழுப்பார்களே, அந்த வேலைப்பாட்டுக்கு நெருங்கிய வடிவம் அது. படத்தைப் பார்த்து அதற்காகவே வந்தவர்கள் ஏமாந்து போனார்கள். படத்தை மாற்ற வேண்டும் அல்லது அதற்குத் தனி வகுப்பு வைக்க வேண்டும்.

வேறு குறைகளும் உண்டு. ஆறு பேருக்கு ஒரே தராசு. ஒரு கிராம் துல்லியத்தில் அளக்க வேண்டிய வேலையில் வரிசையில் நின்று அளப்பது சரியில்லை, பின்னால் நிற்பவர் அவசரப்படுத்துகிறார். இன்னொரு தராசு வாங்குவது பெரிய செலவில்லை. சோடா கரைக்கும் இடத்தில் காற்றோட்டமும் போதாது. ஜன்னலைத் திறந்து சின்ன விசிறி வைத்திருந்தார், ஆனாலும் ஆவி தொண்டையைக் கரித்தது. வீட்டுக்குக் கொடுத்த தாளில் எண்ணெய் விகிதம் இருக்கிறது, சோடா அளவு இல்லை. ஏன் என்று கேட்டேன். ஆளாளுக்கு எண்ணெயை மாற்றிவிட்டு அதே சோடாவைப் போடுவார்கள், அந்தப் பயம்தான் என்றார். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது, ஆனால் கணிப்பானை எப்படிப் பயன்படுத்துவது என்று ஐந்து வரி எழுதிச் சேர்த்தாலே போதும்.

கடைசியில் 48 வெள்ளிக்கு ஒரு கருவிப் பெட்டி விற்கிறார்: ஹேங்கர் கம்பி, சீப்பு, தடுப்புகள், முனை வைத்த பிளாஸ்டிக் பாட்டில்கள். கம்பி தரமானது. மற்றதை வெளியே சேர்த்துக்கொள்ளலாம். நெளி அட்டையில் சம இடைவெளி விட்டு மூங்கில் குச்சிகளைச் செருகினால் சீப்பு. பால் பெட்டி அட்டை தடுப்பு. சாஸ் பாட்டில்கள் இரண்டு வெள்ளிக் கடையில் கிடைக்கும். துணி மாட்டும் கம்பியை வளைத்துக்கொள்ள நினைப்பவர்கள் அது அலுமினியம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எண்ணெய்களுக்குத் தேக்கா போதும், அங்கே முஸ்தஃபா கடையில் விளக்கெண்ணெயும் அரிசித் தவிட்டு எண்ணெயும் எடுத்துவிடலாம். காஸ்டிக் சோடாவை மட்டும் சாக்கடை அடைப்பு நீக்கும் டப்பாவிலிருந்து எடுக்காதீர்கள். சிலவற்றில் அலுமினியத் துகளும் வேறு சேர்க்கைகளும் இருக்கும். தூய சோடியம் ஹைட்ராக்சைடு என்று எழுதியதைத்தான் வாங்க வேண்டும்.

நான் இன்னும் அதிகம் எதிர்பார்த்த பகுதி காயவைத்தல். நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட வையுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எங்கோ குளிர்நாட்டுப் புத்தகத்துக்கு அது சரி. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியே 80 சதவீதத்துக்கு மேல், விடிகாலையில் இன்னும் ஏறும். சோப்பிலிருந்து தண்ணீர் வெளியேற வேண்டும், காற்றோ ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. போதாததற்குச் சோப்புக்குள் இயற்கையாக உண்டாகும் கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து மேலே முத்து முத்தாகக் கோத்து நிற்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பலரும் காயவைக்க, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறையான பாம்ப் ஷெல்ட்டரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இருட்டு நல்லதுதான், ஆனால் கதவை மூடினால் காற்று அசையாது. வந்திருந்தவர்களில் இரண்டு பேர் அங்கேதான் வைக்கப் போவதாகச் சொன்னபோது டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, நான் சொன்னேன். என் அனுபவத்தில் சரிப்பட்டு வருவது இதுதான். கம்பித் தட்டில் கட்டிகளைத் தொடாமல் இடைவெளி விட்டு நிறுத்தி, இரவில் ஏர்கான் ஓடும் படுக்கையறையில், மேசை விசிறி லேசாகச் சுழலும்படி வைப்பது. வாரத்துக்கு ஒருமுறை ஒரே கட்டியைத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். எடை குறைவது நின்றால்தான் காய்ந்தது, நாள்காட்டியை நம்ப வேண்டாம். இந்த முறையில் என் நீலச் சோப்பு ஆறு வாரத்தையும் தாண்டித்தான் எடை இறங்குவதை நிறுத்தியது.

மேலே படியும் வெள்ளைப் பொடியைப் பற்றியும் அவர் விளக்கியிருக்கலாம். இன்னும் சேராமல் இருக்கும் சோடா காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சோடியம் கார்பனேட்டாகி மேலே பூசிக்கொள்கிறது. குளிக்க ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அவ்வளவு பாடுபட்டுப் போட்ட சுழலின் மேல் தூசு படிந்த மாதிரி நிற்கும். ஊற்றிய உடனே ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை மெல்லத் தெளித்து அச்சை மூடி வைத்தால் பெருமளவு குறையும். வந்துவிட்டால் ஆவியில் ஒரு நிமிடம் காட்டித் துடைத்தால் நிறம் திரும்பத் தெரியும்.

என் கட்டியை மறுநாள் மாலை வெட்டினேன். கறுப்பும் நீலமும் வெள்ளைக்குள் இறங்கிய இடங்களில் கம்பி போன வளையங்கள் சுருள் சுருளாகத் தெரிந்தன. வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் எல்லைக் கோடு கத்தியால் கீறியது போலத் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவுதான் பதம் சரியாக இருந்ததற்கு அத்தாட்சி. ஒரு கட்டியும் இன்னொன்று மாதிரி இல்லை. நுரை மென்மை, தோல் இழுக்கவில்லை, கரிப் பட்டை குளியலறைச் சுவரில் கறை பிடிக்கவில்லை. என் மாமியார் முதல் கட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்துவிட்டார், குளிக்க மனசு வரவில்லையாம்.

விற்கும் எண்ணத்தோடு போகிறவர்களுக்கு ஒன்று. இங்கே சோப்பு போன்ற அழகுப் பொருள்களை விற்கும் முன் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் அறிவிக்க வேண்டும். வகுப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கேட்டபோதுதான் சொன்னார். தீபாவளிச் சந்தையில் கடை போடலாம் என்ற கனவோடு வந்த இரண்டு சகோதரிகள் அதைக் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

முதன்முதலாகச் சோப்பு செய்யப் போகிறவர்கள் ஒரே நிறச் சோப்பை நாலைந்து முறை வீட்டில் செய்து பழகிவிட்டுப் பிறகு இங்கே வந்தால் 160 வெள்ளியும் முழுதாகப் பயன்படும். ஏற்கெனவே செய்கிறவர்கள் தயங்காமல் வரலாம். வரும்போது முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு, சொந்தத் தராசு கொண்டு வாருங்கள். அச்சை வீட்டுக்கு எடுத்துப் போக 20 வெள்ளி முன்பணம் கேட்பார், அச்சைத் திருப்பிக் கொடுக்கும்போது முழுவதும் கிடைத்துவிடும். எம்ஆர்டியில் அதைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டு வர ஒரு அட்டைப் பெட்டியும் இரண்டு துண்டும் அவசியம். கலவை இறுகும் வரை அது சூடாகவே இருக்கும், நெரிசல் நேரத்தில் ஏறாதீர்கள்.